கொரோனா நிமோனியா: காய்ச்சல் விட்ட பிறகும் கவனிக்க வேண்டியவை – முழுமையான வழிகாட்டி

காய்ச்சல் தணிந்துவிட்டது, தலைவலி இல்லை, உடம்புவலியும் குறைந்திருக்கிறது. இனிப் பயமில்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் ஆறாம், ஏழாம் நாளில்தான் கொரோனா நிமோனியா பெரும்பாலும் தலைகாட்டுகிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுகிறார், போன் பார்க்கிறார், ‘கொஞ்சம் அசதியா இருக்கு, அவ்வளவுதான்’ என்கிறார். அந்த நேரத்திலேயே அவர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்கு இறங்கியிருக்கலாம். மருத்துவமனைக்குத் தாமதமாக வந்து சேர்ந்த பலரை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இந்த நோயில் எல்லாமே நாள் கணக்கில் ஓடுகிறது. வைரஸை அடக்கும் மருந்துக்கு முதல் சில நாள்கள். மூச்சைக் கண்காணிக்க ஐந்தாம் நாளுக்குப் பிந்தைய ஒரு வாரம். எதிர்ப்புச் சக்தியின் கொதிப்பை அடக்கும் ஸ்டெராய்டு மருந்துக்கு ஆக்சிஜன் குறைந்த பிறகு. மறுபரிசோதனை எக்ஸ்ரேக்கு மூன்று மாதம் கழித்து. நல்ல மருந்தைக்கூடத் தவறான நாளில் கொடுத்தால் பயன்படாது, சில சமயம் கெடுதலும் செய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நுரையீரலுக்குள் நடப்பது என்ன?

வைரஸ் முதலில் மூக்கிலும் தொண்டையிலும் பெருகுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே நின்றுவிடும். சிலருக்குக் கீழே இறங்கி, நுரையீரலின் கடைசி முனையில் இருக்கும் கோடிக்கணக்கான காற்றுப்பைகளை எட்டிவிடுகிறது. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் நுழைவது அந்த மெல்லிய பைகளின் சுவர் வழியாகத்தான். பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க உதவும் வழவழப்பான பொருளைச் சுரக்கும் செல்களின் மேல் ‘ஏசிஇ2’ என்ற புரதம் இருக்கிறது. கொரோனா வைரஸ் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவது அந்தப் புரதத்தை வைத்துத்தான். அந்தச் செல்கள் அழியும்போது பைகள் சுருங்குகின்றன, உள்ளே நீர் கசிகிறது, எதிர்ப்புச் செல்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அருகிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைவதும் உண்டு. காற்று உள்ளே போனாலும் ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறுவதில்லை.

பாக்டீரியாவால் வரும் வழக்கமான நிமோனியா பெரும்பாலும் நுரையீரலின் ஒரு பகுதியைப் பிடிக்கும். கொரோனா நிமோனியா இரண்டு பக்கமும், குறிப்பாகக் கீழ்ப்பகுதிகளிலும் ஓரங்களிலும் திட்டுத்திட்டாகப் பரவுகிறது. இன்னொரு வேறுபாடு முக்கியமானது. இரண்டாம் வாரத்தில் நிலைமை மோசமாகும்போது வைரஸின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைய ஆரம்பித்திருக்கும். அப்போது நுரையீரலைப் புண்ணாக்குவது நம் உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி, கட்டுப்பாடு இழந்து கொதிப்பதுதான். காய்ச்சல் விட்ட பிறகும் ஆபத்து வருவதற்கும், மருந்துகள் நாளுக்கு நாள் மாறுவதற்கும் இதுவே காரணம்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகும்? தடுப்பூசி வராத 2020 தொடக்கத்தில் சீனாவில் உறுதி செய்யப்பட்டவர்களின் கணக்கில் 81 சதவீதம் பேருக்கு லேசான நோய், 14 சதவீதம் பேருக்குத் தீவிரம், 5 சதவீதம் பேருக்கு உயிருக்கே ஆபத்து என்ற நிலை. தடுப்பூசியும் முந்தைய தொற்றுகள் தந்த எதிர்ப்பாற்றலும் சேர்ந்து இந்த விகிதத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று சர்வதேச அவசரநிலையை முடித்துக்கொண்டது. ஆனால் வைரஸ் போய்விடவில்லை. முதியவர்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இன்றும் இதே நிமோனியாவோடு மருத்துவமனையில் படுக்கிறார்கள்.

படி 1: முதல் நாளைக் குறித்துவையுங்கள்

பரிசோதனை முடிவு வந்த தேதியிலிருந்து கணக்குப் போடாதீர்கள். தொண்டை கரகரப்போ, உடம்புவலியோ, காய்ச்சலோ, மூக்கொழுகலோ, எது முதலில் வந்ததோ அந்தத் தேதிதான் முதல் நாள். அதை ஒரு தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். நோயாளிக்குக் குழப்பம் வந்தாலும், கவனிப்பவர் மாறினாலும், அவசரத்தில் ஆம்புலன்சில் ஏறினாலும் அந்தத் தேதி கூடவே போக வேண்டும்.

முதல் நான்கைந்து நாள் காய்ச்சலும் வலியும் இருமலும்தான். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள், நிமோனியா வருகிறவர்களுக்கு மூச்சிரைப்பு தொடங்கும் அல்லது ஆக்சிஜன் குறையத் தொடங்கும். நிலைமை கடுமையாகி ஐசியூ தேவைப்படுவது பெரும்பாலும் எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள். பதினான்காம் நாளைத் தாண்டி, மூச்சும் ஆக்சிஜனும் சரியாக இருந்தால் பெரிய கண்டம் கடந்தது என்று சொல்லலாம். எல்லோருக்கும் இதே தேதியில் நடக்கும் என்றில்லை. மிக முதியவர்களுக்கு மூன்றாம் நாளிலேயே ஆக்சிஜன் குறைந்துவிடலாம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டும் போகலாம்.

படி 2: யாருக்கு ஆபத்து அதிகம் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்

வயதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணி. 65 வயதைத் தாண்டியவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், இதயம், சிறுநீரகம், நுரையீரல், கல்லீரலில் நாள்பட்ட நோய் உள்ளவர்கள், உடல்பருமன் அதிகம் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகளிலோ இருப்பவர்கள், கர்ப்பிணிகள், புகைபிடிப்பவர்கள், தடுப்பூசியே போடாதவர்கள்: இவர்களில் யாருக்காவது தொற்று உறுதியானால் ‘பார்க்கலாம்’ என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்துகளுக்கு நேரம் மிகக் குறைவு என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம். பாக்ஸ்லோவிட் மாத்திரையை முதல் அறிகுறி தோன்றிய ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். ரெம்டெசிவிர் ஊசியை, மருத்துவமனையில் சேராத ஆபத்துக் குழுவினருக்கு, ஏழு நாளுக்குள் தொடங்கி மூன்று நாள் போடுவார்கள். பாக்ஸ்லோவிட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் சில மருந்துகள், இதயத்துடிப்பைச் சீராக்கும் சில மருந்துகள், உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றோடு அது மோதும். அதனால் தினமும் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவும் மாறும்.

இந்த நாள்களில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அதை அழுத்தமாகவே சொல்கிறேன்: ஆக்சிஜன் சரியாக இருக்கும்போது ஸ்டெராய்டு மாத்திரை சாப்பிடாதீர்கள். பக்கத்துவீட்டுக்காரருக்குக் கேட்டது, அவருடைய மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது என்று கடையில் வாங்கிப் போடுவதுதான் இந்த நோயில் நான் கேட்டு மிகவும் வருந்திய பழக்கம். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தாசோன் என்ற மலிவான ஸ்டெராய்டு உயிர் காக்கிறது என்று நிரூபித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. கெடுதல் நடக்கும் வாய்ப்பே தெரிந்தது. வைரஸ் வேகமாகப் பெருகும் முதல் வாரத்தில் எதிர்ப்புச் சக்தியை நாமே அடக்குவது அதற்கு வழிவிடுவதாகும். சர்க்கரை அளவும் தாறுமாறாக ஏறும்.

அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் வைரஸை ஒன்றும் செய்யாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின் இரண்டும் பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால், போதுமான தண்ணீர், ஓய்வு, கண்காணிப்பு. முதல் வாரத்தில் பலருக்கு இவ்வளவே போதும்.

படி 3: மூச்சை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மூச்சுமுட்டல் வந்தால் தெரிந்துவிடுமே என்று நினைப்பது இயல்பு. கொரோனாவில் அந்த நினைப்பு பலரை ஏமாற்றியிருக்கிறது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை உடம்பு முக்கியமாக ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடை வைத்துத்தான் உண்டாக்குகிறது. இந்த நிமோனியாவின் தொடக்கத்தில் நுரையீரல் இன்னும் இளக்கமாகவே இருப்பதால் கார்பன் டை ஆக்சைடு தடையில்லாமல் வெளியேறிவிடும். ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரைச் சரியாகப் பயன்படுத்துவது எளிது, ஆனால் அவசரப்பட்டால் தப்பான எண் வரும். நோயாளி ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கட்டும். விரல் சில்லென்று இருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ கருவியை மாட்டி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு, எண் ஆடாமல் நிற்கும் வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். திரையில் இரண்டு எண்கள் தெரியும்: ஒன்று ஆக்சிஜன், மற்றொன்று நாடித்துடிப்பு. இரண்டும் 90-ஐ ஒட்டியே இருக்கும்போது மாற்றிப் படித்துவிடுவது சுலபம். எது எதுவென்று நலமாக இருக்கும்போதே பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். காலை, மதியம், இரவு என்று அளந்து, நாள் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்.

கருவியும் பொய் சொல்லும். வீட்டுக் கருவிகளில் இரண்டிலிருந்து நான்கு புள்ளிகள் வரை மேலே கீழே போவது சாதாரணம். நிறம் கறுத்த தோலில் உண்மையான அளவை விடக் கூடுதலாகக் காட்டும் குணமும் இவற்றுக்கு இருக்கிறது. 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி சரியாக இருப்பதாகக் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையர்களை விடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு நிம்மதி அடையாமல், நேற்று 98, இன்று காலை 96, மாலை 94 என்று இறங்கும் போக்கைக் கவனியுங்கள். எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால், ஆளை நம்புங்கள்.

கருவியே இல்லாவிட்டாலும் மூச்சை எண்ணலாம். நோயாளிக்குத் தெரியாமல், அவர் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருக்கும்போது, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு தானாகவே மாறிவிடும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும். 30 என்றால் தீவிர நோய். குழந்தைகளுக்கு அளவு வேறு: இரண்டு மாதத்துக்குக் கீழ் 60-ம் அதற்கு மேலும், ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் போனால் வேகமான மூச்சு என்று கொள்ள வேண்டும்.

படி 4: நடக்கவைத்துப் பாருங்கள்

உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும் நுரையீரல், சிறிது வேலை கொடுத்ததும் தன் குறையைக் காட்டிவிடும். ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யலாம். விரலில் கருவியோடு அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் சாதாரண வேகத்தில் நடக்க வேண்டும். இடமில்லையென்றால் ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். முடித்ததும் பார்க்கும்போது அளவு மூன்று புள்ளியோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், ஓய்வில் எத்தனை நல்ல எண் வந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓய்விலேயே 94-க்குக் கீழ் இருப்பவர், மூச்சிரைப்பவர், நெஞ்சுவலி உள்ளவர், நடையில் தள்ளாடுபவர் ஆகியோரை இந்தச் சோதனைக்கு உட்படுத்தவே கூடாது. மற்றவர்களையும் தனியாக நடக்க விடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

படி 5: எப்போது கிளம்ப வேண்டும்?

95-ம் அதற்கு மேலும் என்றால் வீட்டிலேயே கண்காணிப்பு. 93, 94 என்றால் சற்று நேரம் கழித்து மறுபடி அளந்து, அதே எண் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். 92-ம் அதற்குக் கீழும் என்றால் மருத்துவமனை, உடனே. கர்ப்பிணிகளுக்கு 95-க்குக் கீழே இறங்கினாலே உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயிற்றிலிருக்கும் குழந்தையும் அந்த ஆக்சிஜனை நம்பித்தான் இருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே 90, 91 என்று இருக்கலாம். அவர்கள் நலமாக இருக்கும்போது எவ்வளவு காட்டும் என்பதை முன்பே தெரிந்துவைத்து, அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

எண்ணைப் பார்க்காமலே கிளம்ப வேண்டிய நிலைகளும் உண்டு. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியாமல் போவது, நெஞ்சில் விடாத வலியோ அழுத்தமோ, புதிதாக வந்த குழப்பம், எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம், இருமலில் ரத்தம், சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோவது. உதடு நீலம் பாரிப்பது மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சரியாகத் தெரியாது. நாக்கையும் ஈறுகளையும் உதட்டின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். குழந்தைகளுக்கு மூக்குத் துவாரம் விரிவதும், மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்குவதும், பால் குடிக்க முடியாமல் போவதும் அவசர அறிகுறிகள்.

வயதானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சலே வராமல் நிமோனியா முற்றிவிடலாம். சாப்பாடு வேண்டாம் என்கிறார், நேற்று வரை நடந்தவர் இன்று கீழே விழுந்தார், பேச்சு முன்னுக்குப்பின் முரணாக இருக்கிறது என்றால் ‘வயசாயிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். முதலில் ஆக்சிஜனை அளந்து பாருங்கள்.

வண்டி வரும் வரை நோயாளியைச் சாய்வாக உட்காரவையுங்கள். அது அவருக்குச் சிரமமாக இருந்தால் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கட்டும். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை ஏற்பாடு செய்து வீட்டிலேயே சமாளித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். சிலிண்டர் எண்ணைச் சரிசெய்யும்; உள்ளே மோசமாகிக்கொண்டிருப்பதைச் சரிசெய்யாது.

படி 6: மருத்துவமனையில் என்ன சொல்ல வேண்டும்?

இன்று எத்தனையாவது நாள் என்று முதலில் சொல்லுங்கள். அடுத்து, எழுதிவைத்த ஆக்சிஜன் குறிப்பு, தினசரி மாத்திரைகள், ஒவ்வாமை, பழைய நோய்கள், கடைசித் தடுப்பூசி, இதுவரை வீட்டில் கொடுத்த மருந்துகள். ஸ்டெராய்டு கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். அதை அறிந்தால்தான் சர்க்கரையையும் மற்ற தொற்றுகளையும் அவர்கள் தேடுவார்கள்.

படி 7: பரிசோதனைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம். அதனால் நிமோனியா இல்லை என்று ஆகிவிடாது. சிடி ஸ்கேனில் கண்ணாடியில் ஆவி படிந்தாற்போன்ற மங்கல் திட்டுகள் நுரையீரலின் ஓரங்களில் தெரியும். நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கையில் ஒரு மதிப்பெண் போடுவார்கள். அதைச் சுற்றி வீடுகளில் பெரும் பயம் உருவாகிவிட்டது. என் கருத்து இது: சிகிச்சையைத் தீர்மானிப்பது ஆக்சிஜன் அளவும் மூச்சின் வேகமும்தான். மதிப்பெண் கூடுதலாக இருந்தும் ஆக்சிஜன் நன்றாக இருப்பவர்கள் தேறிவருகிறார்கள். மூச்சில் எந்த மாற்றமும் இல்லாதவர் பயத்துக்காக முதல் சில நாளில் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை.

ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி அழற்சியின் அளவைக் காட்டும். டி-டைமர் ரத்தம் உறையும் போக்கைக் காட்டும். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் குறைவது நோய் தீவிரமாகிறது என்பதற்கு ஓர் அடையாளம். ஒருநாள் எண்ணை விட, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பேசும்.

படி 8: சிகிச்சை எப்படிப் போகும்?

ஆக்சிஜன்தான் முதல் மருந்து. மூக்குக் குழாயில் நிமிடத்துக்குச் சில லிட்டரில் தொடங்குவார்கள். போதாவிட்டால் முகமூடி, பிறகு பை பொருத்திய முகமூடியில் 15 லிட்டர் வரை, அதன் பிறகு ஈரமாக்கிச் சூடாக்கிய காற்றை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கு வழியே செலுத்தும் கருவி. இலக்கு 92-க்கும் 96-க்கும் இடையில். 100 காட்டவில்லையே என்று செவிலியரிடம் சண்டை போடாதீர்கள். தேவைக்கு மேல் கொடுப்பதிலும் கெடுதல் இருக்கிறது. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரையே இலக்காக வைப்பார்கள்.

ஆக்சிஜன் தேவைப்பட்ட அந்தக் கட்டத்தில் ஸ்டெராய்டு தன் இடத்துக்கு வருகிறது: டெக்ஸாமெத்தாசோன் தினம் 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. சர்க்கரை ஏறும், தினமும் பல முறை அளப்பார்கள், முன்பு தேவைப்படாதவருக்கும் இன்சுலின் போட வேண்டி வரலாம். அதற்குப் பிறகும் வேகமாக மோசமாகிறவர்களுக்கு டோசிலிசுமாப், பாரிசிட்டினிப் போன்ற, அழற்சியை அடக்கும் மருந்துகளைச் சேர்ப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் வகை ஊசி போடுவார்கள். மருத்துவமனைக்கு வரும் கொரோனா நோயாளிகளில் சிறு பகுதியினருக்கே கூடவே பாக்டீரியா தொற்றும் இருக்கும். எனவே ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை என்பதைச் சிகிச்சைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

குப்புறப் படுப்பது சாதாரண விஷயம்போல் தோன்றும், ஆனால் அதன் பலன் பெரிது. மல்லாந்து படுக்கும்போது நுரையீரலின் பெரிய பகுதியான முதுகுப்புறத்தை இதயமும் வயிறும் அழுத்திக்கொண்டிருக்கும். திரும்பிப் படுத்ததும் அந்த மூடிய பகுதிகள் விரிந்து காற்று வாங்குகின்றன. வென்டிலேட்டரில் இருப்பவர்களை நாளுக்குப் பதினாறு மணி நேரம் இப்படிப் படுக்கவைத்தால் இறப்பு குறைகிறது என்று கொரோனாவுக்கு முன்பே, 2013-இல், பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள். 2021-இல் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வு, விழித்திருக்கும் நோயாளிகளே இதைச் செய்தால் தொண்டையில் குழாய் போடும் தேவை குறைகிறது என்று காட்டியது.

செய்யும் முறை: கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே கணுக்காலை ஒட்டி இரண்டு. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் குப்புற, பிறகு வலப்பக்கம், பிறகு சாய்ந்து உட்கார்ந்தபடி, பிறகு இடப்பக்கம், மறுபடி குப்புற. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. வயிறு பெரிதான கர்ப்பிணிகள், முதுகெலும்பில் காயம் உள்ளவர்கள், இதயம் நிலையில்லாதவர்கள், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் தவிர்க்க வேண்டும். நோயாளிக்கு இது சலிப்பும் வலியும் தரும். பக்கத்தில் இருப்பவர் பேசிக்கொண்டே, தலையணையை மாற்றிக்கொண்டே கூட இருந்தால் பத்து நிமிடம் படுப்பவர் ஒரு மணி நேரம் படுப்பார். குடும்பம் நேரடியாகச் செய்யக்கூடிய சிகிச்சை இதைப்போல் வேறொன்றும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆக்சிஜன் நிற்கவில்லை, மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்றால் மருத்துவர்கள் வென்டிலேட்டரைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு வரும்போது குடும்பத்தார் இடிந்துபோவது இயல்பு. இயந்திரம் நோயைக் குணமாக்குவதில்லை. நுரையீரல் ஆறும் வரை மூச்சுக்கு அது பொறுப்பேற்கிறது. முதியவர்களுக்கும் பல உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மீளும் வாய்ப்பு குறைவு என்பதும் உண்மை. அதனால் நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பம் என்ன என்று கேட்டுவையுங்கள். மருத்துவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: குழாய் போட்டால் தேறும் வாய்ப்பு எப்படி? போடாவிட்டால் வேறு வழி என்ன? எத்தனை நாளில் மறுபடி மதிப்பிடுவீர்கள்? இப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

படி 9: தேறும் வழியில் திடீர்த் திருப்பங்கள்

நன்றாக வந்துகொண்டிருந்தவருக்குக் காய்ச்சல் மறுபடி ஏறி, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், பாக்டீரியா நிமோனியா மேலே சேர்ந்திருக்கலாம். ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது. திடீரென்று மூச்சிரைப்பு, நெஞ்சைக் குத்தும் வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல் என்றால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிவதும் இதே போன்ற திடீர் வலியோடு வரும். ஸ்டெராய்டு எடுத்த சர்க்கரை நோயாளிக்கு முகத்தின் ஒரு பக்கம் வலி, கண் வீக்கம், இரட்டைப் பார்வை, மூக்கிலிருந்து கருஞ்சிவப்புக் கசிவு என்றால் கரும்பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மணிக்கணக்கில் பரவும் நோய் அது, மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. இவை வீடு திரும்பிய பிறகும் வரக்கூடும் என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

படி 10: வீடு திரும்பிய பிறகு

பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும் நுரையீரல் ஆற வாரங்கள் ஆகும், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதங்கள். குளிப்பதே ஒரு பெரிய வேலையாகத் தோன்றும். மாடிப்படியில் பாதியில் நிற்க வேண்டியிருக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை என்று வீட்டாரும் புரிந்துகொள்ள வேண்டும், நோயாளியும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். ஐசியூவிலிருந்து வந்தவர்களுக்குத் தூக்கமின்மையும் பயக்கனவுகளும் மறதியும் வருவது சகஜம். அதற்கும் மருத்துவரிடம் உதவி கேட்கலாம்.

ஸ்டெராய்டு மாத்திரையை எழுதிக் கொடுத்த அளவிலும் நாளிலும் முடியுங்கள். நீண்டநாள் கொடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தக்கூடாது. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க வேண்டும். நடைப்பயிற்சியைச் சில நிமிடங்களில் தொடங்கி, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனால் நின்று ஓய்வெடுத்துவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். இன்றைய நடைக்கு நாளைக்குப் படுக்கையில் விழுந்தால், இன்றைய அளவு அதிகம் என்று அர்த்தம்; குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைக்கும்போது முன்பக்கமாகச் சற்றுக் குனிந்து கைகளை மேசையில் ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விட்டால் ஆசுவாசம் கிடைக்கும். வீட்டில் ஆக்சிஜன் கருவி இருந்தால் அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது.

ஒரு மாதம் கழித்தும் மூச்சிரைப்பு குறையாமல் இருந்தாலோ கூடினாலோ, நிமோனியாவுக்குப் பிந்தைய அழற்சி ஒன்று தங்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடித்தால் மருந்தால் குணமாக்க முடிகிற வாய்ப்பு அதிகம். அது தழும்பாக இறுகிவிட்டால் திருப்பிக் கொண்டுவருவது கடினம். எல்லோருமே 12 வாரம் கழித்து ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. நிழல் மறையவில்லை, மூச்சும் சரியாகவில்லை என்றால் நுரையீரல் நிபுணர் சிடி ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்வார். கொரோனா, ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்பதையும் அதே சந்திப்பில் கேட்டு, தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.